மடி பாதுகாப்பாகுமா? இருக்கைப் பட்டை நம் வீட்டுக்கு வந்த கதை



சாலைப் பாதுகாப்பு என்றதும் "இது கேட்டுக் கேட்டுப் புளித்த பாட்டுதானே" என்று நினைப்பவர்கள் உண்டு. பெருநாள் காலம் வந்தால் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம், நாளிதழில் ஓர் அறிக்கை, சாலையோரத்தில் ஒரு பதாகை. அதோடு முடிந்துவிடும். ஆகவே இன்று இதை அறிவுரையாகச் சொல்லாமல் வரலாறாகவே சொல்கிறேன். காரில் நாம் இழுத்து மாட்டுகிற அந்தப் பட்டை எங்கே பிறந்தது? நம் நாட்டுக்கு எப்போது வந்தது? ஓட்டுநரிடம் வந்த பாதுகாப்பு நம் வீட்டுக் குழந்தையிடம் வந்து சேர ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், நாம் செய்ய வேண்டியது என்ன என்பது தானாகவே விளங்கிவிடும்.

லோரியிலிருந்து காருக்கு

நம் மலாக்கா மாநிலத்துத் தமிழர் வரலாறு ரப்பரோடு பின்னிப் பிணைந்தது. 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். அதன் பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர்கள் அங்கே பால் மரம் சீவினார்கள், லயங்களில் வாழ்ந்தார்கள். பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் நடை, சைக்கிள் அல்லது தோட்டத்து லோரி. லோரியின் பின்புறத்தில் ஏறி, பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் இன்றும் நம் வீடுகளில் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள்.

1970-களில் பத்து பெரண்டாமில் சுதந்திர வணிக வட்டாரம் உருவாகி, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் ஆலை வேலைக்கு வந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடின. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. மாதத் தவணை கட்டிக் கார் வாங்கலாம் என்ற நம்பிக்கை சாதாரணத் தொழிலாளிக்கும் பிறந்தது. தாமான் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால், "இந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறி முன்னுக்கு வந்துவிட்டது" என்று அதற்குப் பொருள்.

கார் வந்தது, ஆனால் லோரிப் பழக்கம் போகவில்லை. "நெருக்கி உட்காரு, இன்னும் ஓர் ஆள் ஏறலாம்" என்பது லோரியின் இலக்கணம். அதையே காருக்குள்ளும் கொண்டுவந்தோம். ஐந்து பேர் காரில் எட்டுப் பேர். கைக்குழந்தை முன்னிருக்கையில் பாட்டி மடியில். நடுப்பிள்ளை இரண்டு முன்னிருக்கைகளுக்கு இடையே நின்றுகொண்டு அப்பாவோடு பேசிக்கொண்டு வரும். அன்பினால் செய்ததுதான். ஆனால் லோரி ஓடிய செம்மண் சாலை வேறு, அலோர் காஜாவையும் ஜாசினையும் இணைக்கும் ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையின் வேகம் வேறு.

விமானத்திலிருந்து இறங்கி வந்த பட்டை

பத்து பெரண்டாம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் பட்டையைப் போடச் சொல்கிறார்கள். நாமும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்கிறோம். "பக்கத்தில்தானே போகிறோம்" என்று யாரும் வாதாடுவதில்லை. காரில் இருக்கும் பட்டையும் அந்த விமான உலகத்தில் வளர்ந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது.

1954 டிசம்பர் 10-ஆம் நாள், அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பொருத்திய ஒரு சறுக்கு வண்டியில் தம்மையே பட்டைகளால் கட்டிக்கொண்டு அமர்ந்தார். வண்டி மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டி, ஏறத்தாழ 1.4 விநாடியில் நின்றது. கண்களில் இரத்தம் கட்டியது, ஆனால் அவர் பிழைத்தார். உடலைச் சரியாகக் கட்டிவைத்தால் மனிதன் மிகப் பெரிய அதிர்ச்சியையும் தாங்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டினார். அதன் பிறகு கார்களிலும் பட்டை வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். 1966-இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் புதிய கார்களில் பட்டை கட்டாயமானது.

இன்று நாம் அணியும் மூன்று முனைப் பட்டை சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின் தந்தது. சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை ஆபத்து நேரத்தில் வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். வோல்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்து, 1959-இல் இடுப்புக்கும் மார்புக்கும் சேர்ந்தாற்போல் ஒரே கையால் மாட்டக்கூடிய பட்டையை அளித்தார். அதன் காப்புரிமையை வைத்து வோல்வோ கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வழி திறந்துவிட்டது. அதனால்தான் விலை உயர்ந்த காரிலும் நம் கஞ்சிலிலும் அதே மூன்று முனைப் பட்டையைக் காண்கிறோம்.

1979, 2009, 2020

உலகில் முதன்முதலாகப் பட்டை அணிவதைச் சட்டமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். நம் மலேசியா அதிகம் பின்தங்கிவிடவில்லை. 1978-இல் விதிகள் வகுக்கப்பட்டு, 1979 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஓட்டுநரும் முன்னிருக்கைப் பயணியும் பட்டை அணிவது கட்டாயமானது.

பின்னிருக்கைக்கு அந்தச் சட்டம் வந்தது 2009 ஜனவரி முதல் நாள். கணக்குப் பாருங்கள் நேயர்களே, முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு ஒரு கை தூரம்தான். அதைக் கடக்கச் சட்டத்துக்கு 30 ஆண்டுகள் பிடித்தன. அந்த 30 ஆண்டுகளில் பின்னால் உட்கார்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தாம்.

2009-இல் சட்டம் வந்த புதிதில் பின்னிருக்கையில் பட்டை அணிவோர் தொகை உயர்ந்தது. 300 வெள்ளி சம்மன் என்ற அச்சம் வேலை செய்தது. நாளடைவில் கெடுபிடி குறைந்தது, பழக்கமும் குறைந்தது. பட்டையின் கொக்கியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே துணி உறை போட்ட கார்களை இன்றும் எங்கும் காணலாம்.

மூன்றாவது கட்டம் 2020 ஜனவரி முதல் நாள். தனியார் கார்களில் குழந்தைகளுக்கென்று தனி இருக்கை கட்டாயம் என்ற விதி நடப்புக்கு வந்தது. முதல் ஆறு மாதங்கள் விழிப்புணர்வுக் காலம், சம்மன் இல்லை என்று அறிவித்தார்கள். மார்ச் மாதத்தில் கோவிட் பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. தண்டனைக் கட்டம் தள்ளிப்போனது. சம்மன் இல்லை என்றதும் பலர் சட்டமே இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள்.

பேருந்துகளின் கதையும் இதேதான். 2013 ஆகஸ்டு 21-இல் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். 2025 ஜூன் 9-இல் கிரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பேருந்து விபத்தில் உயிரிழந்தார்கள். விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் பட்டை அணிய வேண்டும் என்ற விதி அடுத்த மாதம், 2025 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. வெள்ளம் வந்த பிறகுதான் அணை கட்டுகிறோம்.

மடியின் கணக்கு

"என் பிள்ளையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று தாய் சொல்கிறாள். அந்த அன்பில் குறை இல்லை, கணக்கில்தான் குறை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதினால், அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்த வேகத்திலிருந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்க வேண்டும் என்றால், அதைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தூக்கும் வலிமை வேண்டும். கிட்டத்தட்ட மூன்று 50 கிலோ அரிசி மூட்டைகளை, எதிர்பாராத ஒரு நொடியில், உட்கார்ந்தபடியே எந்தத் தாயால் தூக்க முடியும்? தாயும் பட்டை போடாமல் இருந்தால், அவளுடைய உடலே குழந்தையை முன்பலகையோடு வைத்து நசுக்கிவிடும்.

பின்னிருக்கையில் இருப்பவர் தமக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்வதில்லை. மோதும்போது அவர் முன்னால் பறந்து, முன்னிருக்கையில் பட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர் மீது விழுகிறார். 2022 செப்டம்பர் 4-இல் இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குப் போகும் நெடுஞ்சாலையில் விபத்தில் மாண்டார். விலை உயர்ந்த கார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். அந்த இருவரும் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல் துறை தெரிவித்தது. காரின் விலை உயிரைக் காக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: பட்டை அணிந்தால் முன்னிருக்கையில் இருப்பவரின் மரண ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குழந்தை இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் குழந்தை மரணங்கள் 60 விழுக்காடாவது குறையும்.

காற்றுப் பை: காவலனும் ஆபத்தும்

"என் காரில் காற்றுப் பை இருக்கிறது, பட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுப் பை தனியாக வேலை செய்யும் பொருள் அல்ல, பட்டைக்குத் துணை. பட்டை உடலைப் பிடித்து நிறுத்தும், பை தலையையும் மார்பையும் தாங்கும். கண் இமைக்கும் நேரத்தைவிட வேகமாக அது வெடித்து விரிகிறது. பட்டை இல்லாமல் முன்னால் சரிந்துகொண்டிருக்கும் முகத்தின் மீது அந்த வேகத்தில் விரிந்தால், காக்க வேண்டியதே காயப்படுத்தும்.

1990-களில் அமெரிக்காவில் இது கசப்பான பாடமாயிற்று. சிறு விபத்துகளில்கூட முன்னிருக்கையில் இருந்த குழந்தைகள் காற்றுப் பை விரிந்த வேகத்தில் இறந்தார்கள். பின்நோக்கிய குழந்தை இருக்கையை முன்னால் வைத்தபோது, குழந்தையின் தலைக்குப் பின்புறம்தான் அடி விழுந்தது. அதன் பிறகே "பிள்ளைகள் பின்னிருக்கையில்" என்பது உலக விதியாயிற்று. உங்கள் காரின் முன்பக்க வெயில் மறைப்பில் குழந்தை இருக்கைப் படத்தின் மீது சிவப்புக் கோடு போட்டிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு பாடம் நம் நாட்டிலேயே நடந்தது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் தகாத்தா நிறுவனத்தின் காற்றுப் பையிலிருந்து சிதறிய உலோகத் துண்டினால் உயிரிழந்தார். அந்தப் பைகளை விரிக்கப் பயன்பட்ட இரசாயனம், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் ஆண்டுக் கணக்கில் இருந்தால் கெட்டுப்போய், அளவுக்கு மீறி வெடிக்கும் என்பது தெரியவந்தது. நம் நாடு முழுவதும் வெப்பமும் ஈரமும்தானே! உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் தகாத்தா திவாலானது. ஆனால் பழைய கார்கள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. பழைய கார் வாங்கியவர்கள் அதன் அடிச்சட்ட எண்ணை அந்தந்த நிறுவனத்திடம் கொடுத்தால், காற்றுப் பை மாற்றப்பட வேண்டிய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

பக்தியுள்ள நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையார் சிலையையும் முருகன் படத்தையும் காரின் முன்பலகையில் ஒட்டுகிறோம். பல கார்களில் பயணியின் காற்றுப் பை அந்த இடத்துக்கு அடியில்தான் இருக்கிறது. பை விரிந்தால் அந்தச் சிலை கல்லாகப் பறந்து வரும். சாமியை வணங்குங்கள், ஆனால் காற்றுப் பை மூடியின் மீது மட்டும் வைக்காதீர்கள்.

நம் மாநிலத்தில் ஒரு சோதனைச் சாலை

மலாக்காவாசிகள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. மிரோஸ் என்று அழைக்கப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 2007-இல் தோன்றியது. 2011-இல் அதன் முயற்சியால் ஆசியான் என்கேப் என்ற கார் மதிப்பீட்டுத் திட்டம் உருவாகி, 2013-இல் முதல் நட்சத்திர மதிப்பீடுகள் வெளிவந்தன. புதிய கார்களைத் தடுப்பின் மீது மோதவிட்டுச் சோதிக்கும் அதன் கூடம் இருப்பது நம் மலாக்காவில்தான்.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுகிறது. உள்ளே மனிதப் பொம்மைகள். பின்னிருக்கையில் குழந்தைப் பொம்மைகளும் உண்டு. அவற்றைக் குழந்தை இருக்கையில் வைத்து ஒழுங்காகக் கட்டித்தான் மோதவிடுகிறார்கள். வட்டாரத்தில் விற்கப்படும் பல நிறுவனங்களின் கார்கள் இங்கே சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனைகளால் கார்களின் தரம் உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே மாநிலத்தின் சாலைகளில் உயிருள்ள குழந்தைகள் எதிலும் கட்டப்படாமல் மடியில் போகிறார்கள். பொம்மைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றால், ஐந்து நட்சத்திரம் யாருக்காக?

மூன்று மறுப்புகள்

"பக்கத்தில்தானே" என்பது முதல் மறுப்பு. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிறோம், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறோம், பத்து நிமிடம்தான். ஆனால் மோதுகிற வாகனம் நம் வீட்டுக்கு எத்தனை தூரம் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. நாம் அதிகமாக ஓட்டுவதும் அந்தப் பழகிய சாலைகளில்தான்.

"விலை கட்டுப்படியாகாது" என்பது இரண்டாவது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மூன்று பிள்ளைகள் உள்ள தொழிலாளர் குடும்பத்துக்கு மூன்று இருக்கைகள் பெருஞ்செலவு. சிறிய காரில் மூன்றையும் பொருத்த இடமும் இருக்காது. ஆனால் ஒரு குழந்தைக்கு நாம் செய்யும் சடங்குகளை எண்ணிப் பாருங்கள். பெயர் சூட்டு விழா, முதலாம் ஆண்டுப் பிறந்தநாள், மண்டபம், சாப்பாடு. உறவினர்கள் சேர்ந்து தங்கக் காப்புக்குப் பதில் ஒரு குழந்தை இருக்கையைப் பரிசாகக் கொடுத்தால் என்ன? பிள்ளை வளர்ந்த பின் தம்பி தங்கைக்கோ சித்தி வீட்டுக்கோ கொடுக்கலாம். விபத்தில் சிக்காத இருக்கையாகவும், உற்பத்தியாளர் குறித்த காலம் தாண்டாததாகவும் இருந்தால் போதும். நம் ஆலயங்களும் இயக்கங்களும் பள்ளிப்பை கொடுப்பதுபோல இதையும் ஓர் அறப்பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

"பிள்ளை அழுகிறது" என்பது மூன்றாவது. அழத்தான் செய்யும். தடுப்பூசி போடும்போதும் அழுகிறது, அதற்காக ஊசி போடாமல் விடுகிறோமா? பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே இருக்கையில் வைத்துப் பழக்கிய குழந்தை, அதுவே தன் இடம் என்று வளரும்.

செய்ய வேண்டியவை

மடிப் பட்டை வயிற்றின் மீது அல்ல, இடுப்பு எலும்பின் மீது தாழ்வாகப் படிய வேண்டும். மார்புப் பட்டை தோளின் நடுவில் போக வேண்டும், கழுத்திலோ அக்குளுக்கு அடியிலோ அல்ல. கர்ப்பிணிகள் மடிப் பட்டையை வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். சேலையும் துப்பட்டாவும் கொக்கியில் சிக்காமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்காக விற்கும் போலிக் கொக்கியை வாங்காதீர்கள்.

ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். முன்னால் உட்காருபவர் காலைத் தூக்கி முன்பலகையில் வைக்கக் கூடாது. விபத்தில் விரிந்துபோன காற்றுப் பையை மாற்றாமல் மேலே மூடி மட்டும் ஒட்டிய பழைய காரை வாங்காதீர்கள்.

குழந்தைக்குக் குறைந்தது 15 மாதம் வரை பின்நோக்கிய இருக்கை, முடிந்தால் அதற்கு மேலும். கைக்குழந்தையின் தலை கனம், கழுத்து மென்மை. பின்நோக்கி இருந்தால் அதிர்ச்சியை முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். விண்வெளி வீரர்கள் மல்லாந்து அமர்ந்து போனதைக் கண்டுதான் சுவீடன் அறிஞர் பெர்ட்டில் அல்ட்மன் 1960-களில் இந்த வடிவத்தைச் சிந்தித்தார். அதன் பின் முன்நோக்கிய இருக்கை, பிறகு உயர்த்தி அமர்த்தும் இருக்கை. பிள்ளை சுமார் 136 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களின் பட்டை அதன் கழுத்தில் விழும் என்பதை மறவாதீர்கள். வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐக்கிய நாட்டுத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்திய பின் கையால் அசைத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

நேயர்களே, 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களுக்குப் பட்டையும் இல்லை, பையும் இல்லை. காரில் செல்லும் நமக்கோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சட்டம் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு வர 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. குழந்தையிடம் வர 41 ஆண்டுகள். நம் வீட்டுக் காரில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். சம்மன் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வண்டியை எடுக்கும் முன், பின்னிருக்கைக்கு அடியில் கிடக்கும் அந்தக் கொக்கியை வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். பிள்ளையை முதலில் கட்டுங்கள், பிறகு பாட்டியை, கடைசியில் உங்களை. அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள்.